அத்தா என்னும் அழைப்பு

பிள்ளை வளர்ப்பைப் பற்றி எழுதத் தகுதியுடையவர் பிள்ளைகளைச் செவ்வனே வளர்த்தவரே என்பர். அந்த அளவுகோலின்படி பார்த்தால் இக்கட்டுரையை எழுத நமக்கு உரிமை கிடையாது. ஆயினும் வழி தவறி நடந்தவனுக்கும் வழியைப் பற்றிச் சொல்ல ஏதேனும் இருக்கும். முள் எங்கே கிடந்தது என்பதை அவன் அறிவான். அந்த ஓர் உரிமையோடுதான் எழுத அமர்ந்திருக்கிறோம். வாசகர்கள் பொறுத்தருள வேண்டும்.

நமக்கு வயது 56. பெரம்பலூரை அடுத்த ஒரு சிற்றூரில் பிறந்து, அரபுக் கல்லூரியில் ஓதித் தேறி, முப்பது ஆண்டுகளுக்கு மேலாக ஓதிக்கொடுத்து வருகிறோம். வார நாட்களில் ஊர் மக்தபில் சிறு பிள்ளைகளுக்குப் பாடம். சனி, ஞாயிறுகளில் அரியலூரில் ஒரு பள்ளிவாசலில் அரபு இலக்கண வகுப்பு. 1995இல் திருச்சி மாவட்டத்திலிருந்து பெரம்பலூர் பிரிந்தது. 2007இல் பெரம்பலூரிலிருந்து அரியலூர் நிலையாகப் பிரிந்தது. நமக்கு மட்டும் இரண்டும் இன்றளவும் ஒன்றே. ஏறத்தாழ 30 கிலோமீட்டர் பேருந்துப் பயணம் அவ்விரண்டையும் நம் வாழ்வில் சேர்த்துத் தைத்திருக்கிறது. நாம் சொல்லப்போவதில் பெரும்பகுதி அந்தப் பேருந்தில் நடந்ததுதான்.

சென்ற ரமழானில் நம் மூத்த மகன் வளைகுடாவிலிருந்து ஒரு மாத விடுப்பில் வந்திருந்தான். ஒரு நாள் லுஹர் தொழுகைக்குப் பின் வீட்டுக்கு வந்து, கூடத்தில் ஸுன்னத் தொழுதுகொண்டிருந்தான். அவனுடைய மகள், மூன்றரை வயதுப் பேத்தி, அவன் ஸஜ்தாவில் தலை வைத்ததும் ஓடிவந்து முதுகில் ஏறி அமர்ந்துகொண்டாள். அவன் எழவில்லை. ஓதவேண்டியதை ஓதி முடித்திருப்பான், ஆயினும் எழவில்லை. பிள்ளை குதிரை ஓட்டி முடித்து, தானாகவே இறங்கி, அடுக்களைப் பக்கம் ஓடிய பிறகுதான் தலையை உயர்த்தினான்.

ஸலாம் கொடுத்து முடித்தவனிடம், "பிள்ளையைக் கையால் மெல்ல இறக்கி விட்டிருக்கலாமே" என்றோம்.

அவன் வியப்போடு நம்மைப் பார்த்தான். "நீங்கள்தானே ஹஜ்ரத் ஓதிக்கொடுத்தீர்கள்?" என்றான்.

ஆம், ஓதிக்கொடுத்தோம். பெருமானார் (ஸல்) அவர்கள் ஜமாஅத் தொழுகை நடத்துகையில் பேரர் ஹஸனோ ஹுஸைனோ முதுகில் ஏறிக்கொள்ள, ஸஜ்தாவை வழக்கத்துக்கு மாறாக நீட்டினார்கள். தொழுகை முடிந்ததும் தோழர்கள் காரணம் கேட்டார்கள். பிள்ளையின் விருப்பம் நிறைவேறும் முன் அவசரப்படுத்த மனம் வரவில்லை என்ற கருத்துப்பட அண்ணலார் விடையளித்தார்கள். நஸாயீயில் வரும் இந்த ஹதீஸை நாம் எத்தனை முறை பாடமாக நடத்தியிருப்போம் என்பதற்குக் கணக்கில்லை. நம் மகனும் அந்த வகுப்பில் அமர்ந்து கேட்டவன்தான். ஆனால் அவன் சிறு பிள்ளையாய் இருந்த நாட்களில் நம் முதுகில் ஒரு முறையேனும் ஏறியதுண்டா? நினைவைத் துழாவிப் பார்த்தோம். ஒன்றும் அகப்படவில்லை.

அவன் நம்மை அழைத்த சொல்லையும் வாசகர்கள் கவனித்திருப்பர். நம் பகுதியில் தந்தையை அத்தா என்பது வழக்கம். நம் இளைய மகள்கள் இருவரும் அவ்வாறே அழைப்பர். மூத்தவன் மட்டும் ஆறு வயது முதல் நம்மை ஹஜ்ரத் என்றே அழைத்து வருகிறான். அந்த வயதில்தான் அவன் நம் மக்தபில் சேர்ந்தான். "இங்கே நான் உனக்கு ஹஜ்ரத், மற்றப் பிள்ளைகளைப் போலத்தான் நீயும்" என்று முதல் நாள் சொன்னோம். வகுப்புக்கு என்று சொன்னதை அவன் வீட்டுக்கும் எடுத்துக்கொண்டான். அப்போது அது நமக்குப் பெருமையாகவே இருந்தது.

இதன் வேர் எங்கே என்று எண்ணினால், நம் தந்தையாரிடம் போய் நிற்கிறது.

1973இல் அவர் குவைத்துக்குப் புறப்பட்டபோது நமக்கு வயது 4. இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை விடுப்பில் வருவார். முதல் முறை அவர் வந்தபோது நாம் தாயாரின் முந்தானைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டோமாம். "அத்தாடா, போய் முத்தம் கொடு" என்று தள்ளிவிட்டார்களாம். அழுதோமாம். பிறகு கடிதங்கள்; நீலநிற உறையின் ஓரத்தில் பிள்ளைகளுக்கென்று இரண்டு வரிகள். அதன் பிறகு ஒலிநாடாக்கள். இஷாவுக்குப் பின் தாயார் அவர் அனுப்பிய நாடாவை ஓடவிடுவார். நாங்கள் சுற்றி அமர்ந்து கேட்போம். தந்தை என்றால் நமக்கு அத்தர் மணமும், சோப்புக்கட்டியும், கறுப்புப் பெட்டியிலிருந்து வரும் குரலும்தான். வெள்ளாற்றங்கரையில் லெப்பைக்குடிகாட்டிலும், வி. களத்தூரிலும், நம் சமுதாயத்தார் வாழும் இன்னும் பல ஊர்களிலும் நம் வயதினரைக் கேட்டால், பெயரை மாற்றி இதே கதையைச் சொல்வர்.

1990 ஆகஸ்ட் 2ஆம் நாள் ஈராக்கின் படைகள் குவைத்தினுள் புகுந்தன. அங்கிருந்த இந்தியர்கள் பாலைவழியே ஜோர்தானின் அம்மான் நகருக்கு வந்து சேர, நம் நாட்டு அரசு வானூர்திகளை அனுப்பி ஏறத்தாழ 1,70,000 பேரைத் தாயகம் கொணர்ந்தது. அவர்களுள் நம் தந்தையாரும் ஒருவர். பதினேழு ஆண்டு உழைப்பில் அவர் கையில் மிஞ்சியது ஒரு தோள்பை. வீடு துக்க வீடாயிற்று. கடன், தங்கையின் திருமணம், பாதியில் நின்ற சுவர்.

அப்போது நாம் அரபுக் கல்லூரி மாணவர். விடுமுறைக்கு ஊர் வந்தபோது ஒரு காட்சியைக் கண்டோம். தந்தையார் பழைய மிதிவண்டியின் முன்தண்டில் நம் கடைசித் தம்பியை அமர்த்தி ஏரிக்கரைக்கு அழைத்துச் சென்றார். அவனுக்கு வயது 9. வாய் ஓயாமல் பேசிக்கொண்டே போனான். அவர் தலையாட்டிக்கொண்டே மிதித்தார். செல்வம் வந்துகொண்டிருந்த ஆண்டுகளில் நமக்குக் கிடைக்காத ஒன்று, அது நின்றுபோன ஆண்டில் அவனுக்குக் கிடைத்தது. நமக்கு மகிழ்ச்சியும் வந்தது. மறைப்பானேன், பொறாமையும் வந்தது.

அவர் மீண்டும் கடல் கடக்கவில்லை. 2004இல் மறைந்தார். இறுதி நாட்களில் ஒரு முறை, "உன் கையைப் பிடித்து நடக்கப் பழக்கியதாக எனக்கு நினைவில்லையே" என்றார். "அது பிழைப்புக்காகப் போனதுதானே அத்தா" என்று ஆற்றினோம். நாம் நம் பிள்ளைகளை விட்டு எங்கும் போகவில்லை என்ற நிறைவு உள்ளுக்குள் இருந்தது. அப்போது நம் மகனுக்கு வயது 10. அவன் நம்மை ஹஜ்ரத் என்று அழைக்கத் தொடங்கி நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. தந்தையார் கடலுக்கு அப்பால் தொலைவில் இருந்தார். நாம் ஒரே கூரையின்கீழ் தொலைவில் இருந்தோம். அது அப்போது நமக்குப் புலப்படவில்லை.

மக்தபில் நாம் நீதிமான் என்று பெயரெடுத்தவர். இரண்டு சிறுவர் பாடத்தின்போது பேசிச் சிரித்தால், மற்றவனுக்கு ஓர் அடியும் நம் மகனுக்கு மூன்று அடியும் விழும். "ஹஜ்ரத் தம் பிள்ளையென்றும் பாராதவர்" என்று ஜமாஅத்தார் புகழ்வர். அந்தப் புகழ் நமக்கு இனித்தது. பிள்ளைகளிடையே வேறுபாடு காட்டலாகாது என்று அண்ணலார் கற்பித்திருக்கிறார்கள். நுஃமான் இப்னு பஷீர் (ரலி) அவர்களின் தந்தை தம் மக்களுள் அவருக்கு மட்டும் ஒரு நன்கொடை அளித்தபோது, எல்லாப் பிள்ளைகளுக்கும் அவ்வாறே கொடுத்தீரா என்று கேட்டு அதற்குச் சாட்சியாக இருக்க மறுத்தார்கள். நாம் அந்தப் பாடத்தைத் தலைகீழாகப் படித்தோம். நம் பிள்ளைக்கு மிகுதியாகக் கொடுக்கலாகாது என்று எண்ணி, அடியை மட்டும் மிகுதியாகக் கொடுத்தோம்.

வாசித்த நூல்கள் நம்மைத் தடுத்திருக்க வேண்டும். ஹிஜ்ரி 505இல், அதாவது கி.பி. 1111இல், மறைந்த இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தம் இஹ்யாவில், ஓதிவிட்டு வந்த சிறுவனை விளையாட விட வேண்டும் என்றும், விளையாட்டைத் தடுத்து ஓயாது கல்வியில் அழுத்தினால் அவன் உள்ளம் மரத்து, அறிவு மழுங்கும் என்றும் எழுதியிருக்கிறார்கள். துனீஸில் பிறந்த இப்னு கல்தூன் (1332–1406) தம் முகத்திமாவில் இதற்கென்றே ஒரு பகுதி ஒதுக்கினார். கடுமையால் வளர்க்கப்பட்ட பிள்ளை சோம்பலையும் பொய்யையும் பழகும், அடிக்கு அஞ்சி உள்ளத்தில் உள்ளதை மறைக்கும் என்பது அவருடைய முடிவு. இரண்டையும் நாம் படித்தோம், மேற்கோள் காட்டினோம், பிரம்பையும் வைத்திருந்தோம். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்து பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை அடிப்பதைத் தடை செய்தபோதும், அது பள்ளிக்கூடத்துக்கு, மக்தபுக்கு அன்று என்று நமக்கு நாமே விளக்கம் சொல்லிக்கொண்டோம். பிரம்பைக் கீழே வைத்தது அதற்கும் பிந்தித்தான்.

நம் மனைவி அதிகம் பேசாதவர். ஒரு முறை மட்டும், "ஊருக்கெல்லாம் ஹஜ்ரத்தாக இருக்கிறீர்கள். வீட்டுக்குள் வந்தால் அவனுக்கு அத்தாவாக இருங்களேன்" என்றார். அதையும் ஒரு குறைகூறலாகவே எடுத்துக்கொண்டோம்.

மகனுக்கு 12 வயதானபோது அரியலூர் இலக்கண வகுப்பில் அவனைச் சேர்த்தோம். சனி, ஞாயிறு காலைகளில் இருவரும் ஒரே பேருந்தில், ஒரே இருக்கையில் அமர்ந்து செல்வோம். நான்கு ஆண்டுகள் அவ்வாறு சென்றோம். போகவும் வரவும் சேர்ந்து ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரம் தந்தையும் மகனும் தோளோடு தோள் அமர்ந்திருக்கும் பேறு எத்தனை பேருக்குக் கிடைக்கும்? நாம் அதை என்ன செய்தோம்? வண்டி புறப்பட்டதும், "நேற்றைய ஸர்பு பாடத்தைச் சொல்" என்போம். அவன் வினைச்சொற்களின் வாய்பாட்டை ஒப்பிப்பான். எதிரே சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரிகள் புழுதி பறக்க வரும். அவன் கண் அங்கே போகும். "அந்தக் கல்லை எங்கே கொண்டு போகிறார்கள்?" என்பான். "பாடத்தைச் சொல்" என்போம்.

அந்த நாட்களில் வகுப்பில் தஸ்கீர் என்னும் பாடம் வந்தது. அரபு அறியாத வாசகர்களுக்காகச் சொல்கிறோம். ஒரு பெயர்ச்சொல்லின் உயிரெழுத்துக்களை மாற்றி, அப்பொருளைச் சிறியதாகக் காட்டும் முறை அது. நஹ்ர் என்றால் ஆறு. நுஹைர் என்றால் சிற்றாறு. ஆனால் சிறுமையைக் காட்டுவது மட்டும் அதன் வேலை அன்று. அன்பைக் காட்டவும் அது வரும். ஹஸன் என்னும் பெயரின் தஸ்கீர்தான் ஹுஸைன். அனஸ் (ரலி) அவர்களின் தம்பி, ஒரு சின்னஞ்சிறு குருவியை வைத்து விளையாடி, அது இறந்துபோக வாடியிருந்தார். அண்ணலார் அவரை அபூ உமைர் என்று விளித்து, அந்தக் குருவி என்னவாயிற்று என்று கேட்டார்கள். குருவியைச் சொன்ன நுகைர் என்ற சொல்லும் தஸ்கீர். உமைர் என்பதும் தஸ்கீர். ஒரு சமுதாயத்தை நடத்திச் செல்லும் பெரும்பொறுப்புக்கு நடுவே, ஒரு பிள்ளையின் குருவியை நினைவில் வைத்துக் கேட்க அவர்களுக்கு நேரம் இருந்தது.

இப்னு என்றால் மகன். அதன் தஸ்கீர் புனய்ய. என் சின்ன மகனே, என் செல்ல மகனே என்று அதற்குப் பொருள் சொல்லலாம். திருமறையில் லுக்மான் தம் மகனுக்கு அறிவுரை சொல்லும்போது மூன்று முறை இச்சொல்லால் அழைக்கிறார். யஃகூப் (அலை) அவர்கள் யூஸுபை அழைத்ததும் இச்சொல்லால்தான். இப்ராஹீம் (அலை) அவர்கள் தாம் கண்ட கனவை மகனிடம் சொல்லும் கடுமையான வேளையிலும் இச்சொல்லே வருகிறது. பெருவெள்ளத்தின் நடுவே கப்பலில் ஏறும்படி நூஹு (அலை) அவர்கள் மகனைக் கூவி அழைத்ததும் இதே சொல்லால். அந்த மகன் ஏறவில்லை. ஆக, அன்பாய் அழைத்தால் பிள்ளை நம் சொற்படி நடந்தே தீரும் என்று யாரும் உறுதி தர இயலாது. பயனை எண்ணி அழைத்த அழைப்பு அன்று அது. தந்தை என்பதால் அழைத்தது.

இவற்றையெல்லாம் வகுப்பில் உருக்கமாகவே நடத்தினோம். "இப்னு, தஸ்கீர் என்ன?" என்று கேட்டோம். மூன்றாம் வரிசையிலிருந்து நம் மகன் எழுந்து, "புனய்ய, ஹஜ்ரத்" என்று பிழையின்றிச் சொன்னான். "சரி, உட்கார்" என்றோம். அடுத்த சொல்லுக்குப் போனோம். அந்தச் சொல்லால் அவனை ஒரு நாளும் அழைத்ததில்லை. தமிழில் அதற்கு நிகரான எந்தச் சொல்லாலும் அழைத்ததில்லை.

இனி அந்தக் கல்லைப் பற்றிச் சொல்ல வேண்டும். பள்ளிக்கூடத் தோழர்களோடு காரைப் பக்கம் போனவன், நத்தைச் சுருள் போன்ற ஒரு கல்லை எடுத்து வந்திருந்தான். பேருந்தில் சட்டைப்பையிலிருந்து எடுத்து நம் உள்ளங்கையில் வைத்து, "ஹஜ்ரத், இது கல்லா, நத்தையா?" என்று கேட்டான். நமக்கு விடை தெரியாது. தெரியாது என்று சொல்லவும் மனமில்லை. "ஓதப் போகிறவனுக்குக் கல் எதற்கு?" என்று சன்னல் வழியே வெளியே எறிந்தோம். அவன் ஒன்றும் சொல்லவில்லை. "வேறு வைத்திருக்கிறாயா?" என்று கேட்டோம். இல்லை என்றான்.

சென்ற ரமழானில், ஸஜ்தாவைப் பற்றிப் பேசிய அன்று மாலை, நோன்பு திறந்து திண்ணையில் அமர்ந்திருந்தபோது நாமே அந்தப் பேச்சை எடுத்தோம். "பேருந்தில் உன் கல்லை எறிந்தேனே, நினைவிருக்கிறதா?" என்றோம். அவன் சிரித்துவிட்டான். "அது ஒன்றுதான் போயிற்று ஹஜ்ரத். மொத்தம் ஏழு இருந்தன. ஆறு அம்மாவிடம் இருக்கின்றன" என்றான். உள்ளேயிருந்து மனைவி ஒரு பழைய தகரப் பெட்டியைக் கொண்டுவந்து வைத்தார். ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அரிசிப் பானைக்குப் பின்னால் இருந்த பெட்டி. அவன் அம்மாவிடம் காட்டியிருக்கிறான்; நம்மிடம் இல்லை என்று சொல்லியிருக்கிறான். அடிக்கு அஞ்சும் பிள்ளை மறைக்கப் பழகும் என்று இப்னு கல்தூன் எழுதியதை நாம் பாடமாக நடத்திக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், நம் வீட்டிலேயே அதற்கு எடுத்துக்காட்டு அரிசிப் பானைக்குப் பின்னால் இருந்திருக்கிறது.

மறுவாரம் மகன், மருமகள், பேத்தி எல்லோருமாகச் சாத்தனூர்க் கல்மரத்தைப் பார்க்கப் போனோம். இதே மாவட்டத்தில் ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக வாழ்ந்தும் நாம் அதைக் கண்டதில்லை. 18 மீட்டருக்கும் மேல் நீளமான அடிமரம், கல்லாகிக் கிடக்கிறது. 1940இல் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையைச் சார்ந்த டாக்டர் எம். எஸ். கிருஷ்ணன் அதை அறிவியல் உலகுக்கு அறிவித்தார். ஏறத்தாழ 12 கோடி ஆண்டுப் பழமை என்கின்றனர். இந்நிலப்பரப்பு அக்காலத்தில் கடலாய் இருந்ததையும், அக்கடலின் உயிர்களே காரையிலும் அரியலூர்ப் பக்கத்திலும் கல்லாய்க் கிடைப்பதையும், சிமெண்டு ஆலைகளுக்கு லாரிகளில் போகும் சுண்ணாம்புக்கல்லும் அக்கடல் விட்டுச் சென்றதே என்பதையும் மகன் பேத்திக்குச் சொன்னான். அவன் தேடிப் படித்திருக்கிறான். அவன் கேட்ட கேள்விக்கு விடை நம்மிடமிருந்து அவனுக்குக் கிடைக்கவில்லை. அவனிடமிருந்து நமக்குக் கிடைத்தது. அவன் எடுத்து வந்தது நத்தை இனத்தைப் போல் சுருண்ட ஓடுடைய அம்மோனைட் என்னும் கடலுயிராம். ஆக, கல்லா நத்தையா என்று அவன் கேட்டது தக்க கேள்விதான்.

இளமையில் கற்றது கல்லில் எழுதியதற்கு ஒப்பு என்று தமிழிலும் பழமொழி உண்டு, அரபியிலும் உண்டு. பிள்ளைகளைச் சிறு வயதிலேயே ஓத அனுப்புங்கள் என்று சொல்வதற்காக அதை நூறு மேடைகளில் பயன்படுத்தியிருக்கிறோம். கல்மரத்தின் அருகே நின்றபோதுதான் அதன் மறுபாதி விளங்கிற்று. நாம் கற்பிப்பதாக எண்ணும் பாடம் மட்டும் பிள்ளையின் உள்ளத்தில் பதிவதில்லை. நம் முகச்சுளிப்பும், நாம் கேளாமல் விட்ட கேள்வியும், சன்னல் வழியே எறிந்ததும் சேர்ந்தே பதிகின்றன. நல்வேளையாக, நாம் நடத்திய ஹதீஸும் பதிந்திருந்தது. நம்மிடம் அவன் காணாததை நம் பாடத்திலிருந்து எடுத்துக்கொண்டு தன் மகளுக்குக் கொடுக்கிறான். இது நம் திறமையன்று, இறைவனின் கருணை.

நம்மிடம் ஓதும் ஒரு சிறுமியைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவளுடைய தந்தை குவைத்தில் இருக்கிறார். அவள் ஓதுதலில் ஒரு தெளிவு இருக்கும். கேள்வி கேட்கத் தயங்கமாட்டாள். வீட்டில் யார் சொல்லித் தருகிறார்கள் என்று கேட்டோம். "அத்தாதான்" என்றாள். அங்கே மாலை ஏழு மணி, இங்கே ஒன்பதரை. வேலை முடிந்து அறைக்கு வந்ததும் கைப்பேசித் திரையில் மகளை அழைப்பாராம். முதலில் பாடம் கேட்பதில்லை. அன்றைக்குப் பள்ளியில் என்ன நடந்தது, யார் யாரோடு சண்டை, பூனை குட்டி போட்டதா என்று கேட்பாராம். பிறகே ஓதச் சொல்வாராம். கடலுக்கு அப்பால் இருக்கும் அவர் அந்த வீட்டில் இருக்கிறார். அதே தெருவில், மாலையெல்லாம் வீட்டிலேயே அமர்ந்து, ஒரு கையில் கைப்பேசியை வைத்துக்கொண்டு மறுகையால் பிள்ளையை விலக்கும் தந்தையரும் உண்டு. நம் தந்தையார் காலத்தில் தொலைவைக் கடக்க வழியில்லை. நம் காலத்தில் நாம் தொலைவாகவே இருந்துகொண்டோம். இன்று தொலைவைக் கடக்கவும் பயன்படும் அதே கருவி, அருகில் இருப்பவரைத் தொலைவாக்கவும் செய்கிறது. எதற்குப் பயன்படுத்துகிறோம் என்பது தந்தையின் கையில்தான்.

ஆதலால் இளந்தந்தையர்க்குச் சில சொல்ல விழைகிறோம். பிள்ளை ஒன்றைக் காட்டும்போது கையை நீட்டி வாங்கிப் பாருங்கள். கல்லாயினும் காகிதமாயினும் சரி. விடை தெரியாவிடில், தெரியாது, சேர்ந்து தேடுவோம் என்று சொல்லுங்கள். அறியாததை அறியேன் என்பது ஆலிமுக்கும் இழுக்கன்று. அணைத்து முத்தமிடுங்கள். தமக்குப் பத்துப் பிள்ளைகள் உண்டு, ஒருவரையும் முத்தமிட்டதில்லை என்று சொன்ன அக்ரஃ இப்னு ஹாபிஸ் என்பாரிடம், இரக்கம் காட்டாதவர்க்கு இரக்கம் காட்டப்படாது என்று அண்ணலார் உணர்த்தினார்கள். பெண் பிள்ளைக்கும் அதே மடி, அதே செவி. அண்ணலார் தொழுகையில் தோளில் சுமந்தது உமாமா என்னும் பேத்தியை என்பதை மறவாதீர்கள். கண்டிக்க வேண்டிய வேளை வரத்தான் செய்யும். ஆனால் ஊரார் மெச்சுவதற்காக உங்கள் பிள்ளையைக் கண்டிக்காதீர்கள். பாடத்தை விட்டுவிடவும் சொல்லவில்லை. நாம் ஓதிக்கொடுப்பவர், பாடத்தின் அருமை நமக்குத் தெரியும். பேருந்தில் இரண்டு மணி நேரம் இருந்தால் அதில் பாடத்துக்கும் இடம் உண்டு. லாரியைப் பார்ப்பதற்கும் இடம் உண்டு.

விடுப்பு முடிந்து மகன் புறப்பட்டான். திருச்சி விமான நிலையம் வரை உடன் சென்றோம். பெட்டிகளை இறக்கி வைத்து, முஸாபஹா செய்து, விடைபெறும் நேரம். நம் வீடுகளில் தாய்மார் சின்ன மகனையே 'அத்தா' என்று கொஞ்சி அழைப்பதுண்டு, வாசகர்கள் அறிவர். தந்தையைக் குறிக்கும் சொல்லால் மகனை அழைப்பது. தமிழில் நமக்கு வாய்த்த தஸ்கீர் அதுவே என்று நமக்குத் தோன்றிற்று. முப்பத்தொரு வயது மகனின் தோளில் கை வைத்து, "பத்திரமாய்ப் போய் வாத்தா" என்றோம். குரல் நம்முடையதாக ஒலிக்கவில்லை, பழகாத நாவல்லவா?

அவன் ஒரு கணம் நின்றான். "சரிங்க" என்றான். அதன் பின்னே எப்போதும் வரும் ஹஜ்ரத் வரவில்லை. அத்தா என்பதும் வரவில்லை. அவ்விடம் வெறுமையாக இருந்தது. நாம் அதைக் குறையாகக் கொள்ளவில்லை. இருபத்தைந்து ஆண்டுகள் நாம் நிரப்பி வைத்திருந்த இடம் அது. காலியாவதற்கும் சிறிது காலம் வேண்டும்.

வீட்டுக்கு வந்தபோது தகரப் பெட்டி திண்ணையிலேயே இருந்தது. அதை அரிசிப் பானைக்குப் பின்னால் வைக்கவில்லை. நம் கிதாபுகள் இருக்கும் அலமாரியில், இஹ்யாவின் பக்கத்தில் வைத்திருக்கிறோம். பேத்தி மறுமுறை வரும்போது எடுத்துக் காட்ட வேண்டும்.

நம் பிள்ளைகளை நமக்குக் கண்குளிர்ச்சியாகவும், நம்மை அவர்களுக்கு அஞ்சாமல் அணுகத்தக்க நிழலாகவும் ஆக்கியருள வல்ல நாயனிடம் இறைஞ்சுகிறோம். ஆமீன்.